மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

பென்னாகரத்துக்கு வெளியே ஒரு தகர ஷெட். உள்ளே தார்ப்பாய் போர்த்திய ஒரு மெஷின். தார்ப்பாய் மேல் ஒரு கோழி சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த மெஷின் அங்கே வந்து சேர்ந்ததற்கு நானும் ஒரு காரணம்.

பாவமன்னிப்பு மாதிரி ஆரம்பிக்கிறேனே என்று பார்க்காதீர்கள். இந்த வாரம் ஒரு விமரிசனம்தான் எழுதப் போகிறேன். விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது, 2012-ல் நானே ஒரு பத்திரிகையில் நாலு வாரம் எழுதிய ஒரு பயணக் கட்டுரைத் தொடர். சீனாவுக்குப் போய் வந்த கதை.

ஒரு தொழிலதிபர் குழுவோடு போனேன். ஏழு நாள், ஐந்து தொழிற்சாலை, மூன்று வர்த்தகச் சந்திப்பு. நோட்டீஸில் 'இந்தியச் சாப்பாடு உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். குழுவில் இருபத்திரண்டு பேர். பட்டு நூல்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், எவர்சில்வர் பாத்திரக்காரர்கள். கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவரும் வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று கடைசி வரை அவருக்கும் தெரியவில்லை. எனக்கு டிக்கெட் இலவசம். பத்திரிகைக்காரன் கூட வந்தால் நாலு வரி எழுதுவான் அல்லவா? நாலு வரி என்ன, நாலு வாரம் எழுதினேன்.

அந்தத் தொடரைப் போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். பி.காம். புத்தி போகாது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணினேன். 'சுத்தம்' என்ற வார்த்தை பதினாலு இடத்தில். 'ஒழுங்கு' பதினொன்று. 'பிரமிப்பு' ஒன்பது. கேள்விக்குறி? மொத்தமே இரண்டு. இரண்டும் ஒரே கேள்வி. "நாம் எப்போது இப்படி ஆகப் போகிறோம்?"

அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. பெருமூச்சு.

அங்கே ஹாங்ஜோ பக்கம் ஒரு பட்டு நூற்பாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த மாதிரிப் பயணம் போனவர்களுக்குத் தெரியும், எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரே சடங்குதான். வாசலில் 'வருக' என்று பேனர். தலையில் ஒரு தொப்பி. ஏ.சி. அறையில் இருபது நிமிஷம் படம். பிறகு தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே நடந்து போகவேண்டும். மெஷின் சத்தத்தில் வழிகாட்டி சொல்வது பாதி கேட்காது. மொழிபெயர்ப்பாளர் அம்மாள் இன்னும் சிக்கனம். மேனேஜர் ஐந்து நிமிஷம் பேசியதை "தரம் முக்கியம் என்கிறார்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் வாசலில் குரூப் போட்டோ, கையில் ஒரு பேனா. அப்புறம் பஸ்.

சாயந்திரம் வர்த்தகச் சந்திப்பு. ஒரு பெரிய வட்ட மேஜை. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டவேண்டும் என்று எங்களுக்கு முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தார்கள். அதை எல்லோரும் கச்சிதமாகச் செய்தோம். அதற்குமேல் என்ன பேசுவது என்றுதான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.

அந்த நூற்பாலையில் நான் பார்த்தது ஆட்டோமேட்டிக் ரீலிங் மெஷின். நீளமான வரிசை. வெந்நீரில் வெள்ளை வெளேரென்று கூடுகள் மிதக்கின்றன. இழை மெலிந்தால் மெஷினே கண்டுபிடித்து அடுத்த கூட்டின் நுனியை எடுத்துக் கோத்துக்கொள்கிறது. ஒரு பெண் மட்டும் வரிசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நம் ஊரில் காட்டேஜ் பேசின் முன்னால் பெண்கள் வெந்நீரில் விரலை விட்டு விட்டு நுனி தேடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அந்த விரல்கள் எப்படி ஊறி வெளுத்துப்போயிருக்கும் என்றும் தெரியும். அதனால் பிரமித்துவிட்டேன். 'தர்மபுரிப் பெண்களின் கைகள் இனி வேகவேண்டியதில்லை' என்று மூன்றாவது வாரக் கட்டுரையை முடித்திருந்தேன். நல்ல வரி என்று எடிட்டர்கூடப் பாராட்டினார்.

அந்த வரியை நம்பி ஒருவர் மெஷின் வாங்கிவிட்டார்.

அவர் என் அப்பாவிடம் படித்தவர். அப்பா பென்னாகரத்தில் வாத்தியாராக இருந்தார். நான் அவரை அண்ணா என்பேன், அவருக்கு நான் தம்பி. பட்டு நூல் எடுக்கிற தொழில். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்தில் கூடு எடுத்து வந்து, எட்டு பத்துப் பெண்களை வைத்து நூல் இழுப்பவர். வாத்தியார் மகன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறான் என்று, கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நிலத்தை அடகு வைத்து, சின்ன அளவில் ஒரு மெஷினை ஏஜென்ட் மூலம் தருவித்தார். 2013-ல் வந்து இறங்கியது. தேங்காய் உடைத்து, பூசை போட்டு ஓட்டினார்கள்.

ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது.

மெஷினில் தப்பில்லை. அது எதிர்பார்க்கிற கூடு வேறு. அந்த ஆலைக்கு வந்தது ஒரே ரகக் கூடு. பதமாக உலர்த்தி, தரம் பிரித்து, மொத்தமாகக் கிடங்கில் வைத்து எடுக்கிறார்கள். அண்ணன் எடுப்பது அன்றன்றைக்கு ஏலத்தில் கிடைப்பது. ஐந்து விவசாயி, ஐந்து விதமான கூடு. ஒன்று கெட்டி, ஒன்று மெலிசு. அதில் பாதி மஞ்சள் கூடு, அதாவது நாட்டு இனமும் வெளிநாட்டு இனமும் கலந்தது. வெள்ளைக் கூட்டில் இழை நீளமாகச் சீராக வரும். மஞ்சளில் நீளமும் குறைவு, அடிக்கடி அறும். கையால் இழுக்கிற பெண் அதற்குத் தகுந்தபடி விரலை மாற்றிக்கொள்வாள். மெஷின் மாற்றிக்கொள்ளாது, நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். பட்டுக்கூடு வேகவைக்க மென்தண்ணீர் வேண்டும். நம் போர்வெல் தண்ணீரில் சோற்றை வேகவைத்தாலே பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு வேறு. பல்லும் எலும்பும் கெட்டுப்போகிற அளவுக்கு. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் திறந்தார்கள். ஆனால் அது குடிக்க, கூடு வேகவைக்க இல்லை.

மூன்றாவது கரண்ட். 2012, 13-ல் தமிழ்நாட்டு மின்வெட்டு உங்களுக்கு மறந்திருக்காது. சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் இருட்டு. டீசல் ஊற்றி ஓட்டினால் நூல் விலையைவிட டீசல் விலை அதிகம்.

நாலாவதுதான் என்னை உறுத்துவது. ஒரே ரகக் கூட்டை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் வைக்கவேண்டுமானால் கையில் ரொக்கம் வேண்டும். நடைமுறை மூலதனம். பி.காம். இரண்டாம் வருஷப் பாடம். அந்த ஆலையில், "எத்தனை நாள் சரக்கு கையிருப்பு வைப்பீர்கள்? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வட்டி எவ்வளவு?" என்று நான் கேட்டிருக்கவேண்டும். பதினாலு தடவை சுத்தம் என்று எழுதியவன் இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மெஷின் தெரியும். மெஷினுக்குப் பின்னால் இருக்கிற கிடங்கும் கடனும் தெரியாது.

இப்போது என் தொடருக்குப் பக்கத்தில் இன்னொரு பயணக் குறிப்பை வைத்துப் பார்க்கிறேன். அதை எழுதியவர் ஒரு ஜப்பானியப் பெண். பெயர் வாடா எய்.

1872-ல் ஜப்பான் அரசாங்கம் தோமியோகா என்ற ஊரில் 300 பேசின் கொண்ட ஒரு பட்டு நூற்பாலையைக் கட்டியது. மெஷின் பிரான்ஸிலிருந்து. கட்டிக் கொடுத்தவர் பால் ப்ரூனா என்ற பிரெஞ்சுக்காரர். அவர் மெஷினை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. முதலில் ஜப்பானில் நூல் எப்படி இழுக்கிறார்கள் என்று பார்த்தார். பெண்களின் உயரத்துக்குத் தக்கபடி மெஷினை மாற்றச் சொன்னார். ஜப்பானில் ஈரக்காற்று அதிகம், நூல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒருமுறை இழுத்ததை மறுபடி சுற்றுகிற ஏற்பாட்டையும் சேர்த்தார். அண்ணனின் மெஷின் வந்தபோது அவர் உயரத்தையும் யாரும் கேட்கவில்லை, ஊர்த் தண்ணீரையும் யாரும் சோதிக்கவில்லை.

ஆலை தயார். வேலைக்குப் பெண்கள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சிவப்பாக எதையோ குடிக்கிறார்கள், அது மனித ரத்தம் என்று வதந்தி. அது ஒயின்! கடைசியில் ஆலைத் தலைவர் தன் மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்தார். 1873-ல் நாகானோ பக்கத்து மாட்சுஷிரோவிலிருந்து எய், பதினைந்து பதினாறு வயதில், ஊர்ப் பெண்கள் சிலரோடு அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினார். கூடு பிரிப்பதில் ஆரம்பித்து, நூல் இழுப்பது வரை கையால் கற்றுக்கொண்டார். 1874-ல் ஊர் திரும்பி, அங்கே புதிதாகத் தொடங்கிய ரொக்கோஷா என்ற ஆலையில் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த அனுபவத்தைப் பின்னாளில் எழுதியும் வைத்தார். 'தோமியோகா நாட்குறிப்பு' என்று ஜப்பானில் பிரபலம்.

அந்த ஊர் ஆலைக்கு இரும்பு மெஷின் வாங்க வசதியில்லை. பார்த்துவிட்டு வந்ததை உள்ளூர் ஆட்களே மலிவாகச் செய்துகொண்டார்கள். அதே காலத்தில் சுவா பக்கமும் இதே கதை. இரும்புக்குப் பதில் மரம், உலோகச் சட்டிக்குப் பதில் மண் சட்டி. ஜப்பான் உலகத்துக்கே பட்டு விற்றது பெரும்பாலும் இந்த ஏழை மெஷின்களை வைத்துத்தான். தோமியோகா ஆலை 1987-ல் மூடப்பட்டு, 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. அங்கேயும் நம்மைப் போன்ற குழுக்கள் குரூப் போட்டோ எடுத்துக்கொள்கின்றன.

எய்யின் குறிப்புக்கும் என் தொடருக்கும் என்ன வித்தியாசம்? நான் மெஷினைப் பார்த்தேன், அவர் வேலையைப் பார்த்தார். நான் ஒன்றரை மணி நேரம், அவர் ஒரு வருஷம். நான் திரும்பி வந்து எழுதிவிட்டு மறந்தேன். அவர் திரும்பி வந்து அதே பேசின் முன்னால் உட்கார்ந்தார். தப்பாக எழுதினால் என் விரல் வேகாது. அவர் தப்பாகக் கற்றிருந்தால் அவர் விரல்தான் வேகும்.

ஜப்பான்காரர்களுக்குக் கூட்டமாகப் போய்ப் பார்ப்பதும் தெரியும். 1871 டிசம்பரில் இவாகுரா என்ற பெரிய மந்திரியின் தலைமையில் சுமார் நூறு பேர் கப்பல் ஏறி, அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்று சுற்றிவிட்டு 1873 செப்டம்பரில்தான் திரும்பினார்கள். கூடப் போன கூமே குனிடாகே ஐந்து தொகுதி ரிப்போர்ட் எழுதினார். அவரும் வாய் பிளந்துதான் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு கணக்கைப் போட்டார். இந்த ரயில், கப்பல், ஆலை எல்லாம் ஐரோப்பாவுக்கு வந்து நாற்பது வருஷம்தான் ஆகிறது, ஆகவே நாம் ஒன்றும் ஆயிரம் வருஷம் பின்னால் இல்லை என்று. நானானால் அதே இடத்தில் 'நாம் எப்போது இப்படி ஆகப் போகிறோம்' என்று பெருமூச்சு விட்டிருப்பேன். அவர் எப்போது என்று கணக்குப் போட்டார்.

பிறகு 1950-ல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையில் வாரக்கணக்கில் சுற்றினார். ஃபோர்டின் அளவு தனக்குக் கட்டாது என்று புரிந்துகொண்டு திரும்பினார். ஆனால் தொழிலாளி யோசனை சொல்கிற ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். 1956-ல் அதே கம்பெனியின் தாயிச்சி ஓனோ அமெரிக்காவுக்குப் போனபோது, கார் ஆலைகளைவிட அவர் மனதில் நின்றது சூப்பர் மார்க்கெட். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிறார்களே, அதைத் தொழிற்சாலையில் செய்தால் என்ன என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். மனதில் ஒரு கேள்வியோடு போனதால் மளிகைக் கடையிலும் பதில் கிடைத்தது. கேள்வி இல்லாமல் போன எனக்குப் பட்டு ஆலையிலேயே கிடைக்கவில்லை.

ஜப்பான்காரன் கதையே எதற்கு என்பீர்கள். சிவகாசிக்கு வருவோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போனார்கள். வெளிநாடு இல்லைதான். ஆனால் அன்றைய சிவகாசிக்குக் கல்கத்தா, இன்றைய பென்னாகரத்துக்கு ஷாங்காயைவிடத் தூரம். மாதக்கணக்கில் தங்கித் தொழில் பழகினார்கள். திரும்பி வந்து முதலில் ஜெர்மன் மெஷினைத்தான் வைத்தார்கள். அது ஒத்துவரவில்லை என்றதும் கையால் செய்கிற முறைக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தில்தான் இன்றைய சிவகாசி இருக்கிறது. (கையால் செய்கிற தொழில் என்றதும் பிஞ்சுக் கைகளும் அதில் வந்து சேர்ந்தன என்பது இன்னொரு கதை. அதையும் மறைக்கக்கூடாது.)

இந்தப் பட்டுத் தொழிலிலேயே பயணம் பலித்த கதையும் உண்டு. 1893-ல் ஜப்பான் போன ஜாம்ஷெட்ஜி டாடா, பிறகு பெங்களூரில் ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்து ஒரு பட்டுப் பண்ணை வைத்தார். பசவனகுடி பக்கம் 'டாடா சில்க் ஃபார்ம்' என்று இன்றும் ஏரியாவுக்கு அதே பெயர். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1991 முதல் 2007 வரை ஜப்பானிய உதவியோடு மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வேலை நடந்தது. நம் வெயிலில் வெள்ளைக் கூடு வளராது என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்னது. ஜப்பானிய நிபுணர்கள் இங்கேயே வந்து தங்கினார்கள். நம் ஆட்கள் அங்கே போய்ப் பயின்றார்கள். சி.எஸ்.ஆர். என்று பெயர் வைத்த புழு ரகங்கள் நம் வெயிலுக்கென்றே உருவாயின. இலை பறித்துப் போடாமல் கிளையோடு வெட்டிப் போடுவது, புழுவுக்குத் தனி மனை கட்டுவது என்று வளர்ப்பு முறையும் மாறியது. இன்று தமிழ்நாட்டில் விளைவதில் பெரும்பகுதி வெண்கூடு. இதைச் சாதித்தது குரூப் போட்டோ இல்லை, பதினாறு வருஷம்.

அதனால் வெளிநாட்டுப் பயணமே வெட்டி என்று நான் சொல்லவில்லை. 1956-ல் விக்ரம் சாராபாய் தலைமையில் ஒரு குழு ஜப்பான் போய் வந்ததன் பலன்தான் 1958-ல் வந்த தேசிய உற்பத்தித் திறன் கவுன்சில். போகத்தான் வேண்டும். ஆனால் யார் போகிறார்கள்? முதலாளி போகிறார், அதிகாரி போகிறார், கவுன்சிலர் போகிறார், என்னை மாதிரி ஓசி டிக்கெட் ஆசாமியும் போகிறான். பேசின் முன்னால் உட்காருகிற பெண் போனதே இல்லை. இருபத்திரண்டு பேரில் ஒரு சூப்பர்வைசர்கூட இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி வந்திருந்தால் கூட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாள், "இது நம்ம ஊர் கூடு இல்லீங்களே" என்று. நிலம் அடகுக்குப் போயிருக்காது.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். ரொம்ப வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த காரியம். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் வீட்டம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். மெஷின் பேச்சே வரவில்லை. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"அண்ணா, நான் எழுதுனதாலதானே…"

"அட, வுடு தம்பி. நீ எழுதுன. நாந்தானே வாங்குனேன்? கடன் ஏழு வருஷத்துல கட்டிட்டேன். பங்காளிங்க ரெண்டு பேருதான் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க."

ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். கோழியை விரட்டிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளே மெஷின் முழுசாக இல்லை. பாதி எலும்புக்கூடு. கூடு வேகவைக்கிற பாகத்தைக் காணோம். மறுபடி சுற்றுகிற ராட்டைகளும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, உள்ளூர் வெல்டரை வைத்துத் தன் பழைய பேசின்களோடு பொருத்தியிருக்கிறார். பக்கத்துக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதில்தான் வேகவைக்கிறாராம். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் விரல்களைப் பார்த்தேன். ஊறித்தான் இருந்தன. முன்னே மாதிரி அவ்வளவு இல்லை.

எய் ஊர்க்காரர்கள் செய்ததை இவர் தன்பாட்டுக்குச் செய்திருக்கிறார். யாரும் இவருக்குத் தோமியோகா கதை சொல்லவில்லை.

பஸ் ஏறும்போது சொன்னேன், அடுத்த வருஷம் வியட்நாம் போக ஒரு குழு கூப்பிடுகிறது என்று. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போய்ட்டு வா தம்பி. ஆனா அவங்க ஓட்டிக் காட்டுற மெசினை மட்டும் பாத்துட்டு வந்துடாத. பின்னாடி ஒரு கொட்டாய் இருக்கும். அதுல எதைத் தூக்கிப் போட்டு வச்சிருக்கானுங்கன்னு பாத்துட்டு வந்து எழுது."

இந்தத் தடவை டிக்கெட் என் காசு. கூட அந்த ஆறு பேரில் ஒருவர் வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். குழுவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.